ஆம்புலன்ஸ் எந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்? முடிவெடுக்க உதவும் செயலியை வடிவமைக்கும் முறை

மேற்கு வங்கத்தில் 1992ஆம் ஆண்டு ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்த ஒருவரை, கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை என்றும் வசதி இல்லை என்றும் கூறி ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் அவருக்குத் தனியார் மருத்துவமனையில்தான் சிகிச்சை கிடைத்தது. அந்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை, அவசர சிகிச்சை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று நிலைநாட்டியதற்காகப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதியும் உண்டு: நோயாளிக்குத் தேவையான சிகிச்சைக்குரிய படுக்கை எந்த மருத்துவமனையில் இருக்கிறதோ அங்கே அவரை உடனே அனுப்பும்படியான மையத் தகவல் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. இங்கே விளக்கப்போகும் செயலியின் நோக்கத்தை அதைவிடத் துல்லியமாகச் சொல்வது கடினம்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. வண்டியில் ஓட்டுநரும் ஓர் அவசரகால மருத்துவ நுட்புநரும் இருப்பார்கள். சம்பவ இடத்தில் நோயாளியைப் பார்த்து, முதலுதவி கொடுத்து, ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு, எங்கே கொண்டு செல்வது என்பதை நுட்புநர் சில நிமிடங்களுக்குள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்குத் துணை நிற்கும் செயலியை உருவாக்க நினைக்கும் மென்பொருள் வல்லுநர்களுக்காகவும், அப்படியொன்றைக் கேட்டு வாங்கும் இடத்தில் இருக்கும் மாவட்ட சுகாதார அலுவலர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். உதாரணங்கள் தமிழ்நாட்டைச் சார்ந்தவை.

முதலில் கேள்வியைச் சரியாக வையுங்கள்

இத்தகைய செயலிகளின் முதல் வரைவு பெரும்பாலும் ஒரு வரைபடமாகவே இருக்கும்: வண்டி நிற்கும் இடம் ஒரு புள்ளி, சுற்றியுள்ள மருத்துவமனைகள் சில புள்ளிகள், அவற்றுள் அருகில் இருப்பது மேலே. அந்த வரைவைக் கைவிடுங்கள். அருகில் இருப்பது எது என்பது உள்ளூர் ஓட்டுநருக்குச் செயலி இல்லாமலே தெரியும். அவருக்கும் நுட்புநருக்கும் தெரியாதது, இந்த நோயாளிக்கு வேண்டிய சிகிச்சை இந்த நேரத்தில் எங்கே மிக விரைவாகத் தொடங்கும் என்பதுதான். செயலி கணக்கிட வேண்டிய ஒரே அளவு அதுவே.

அந்த நேரம் மூன்று பகுதிகளால் ஆனது: பயண நேரம், மருத்துவமனை வாசலில் ஒப்படைக்க ஆகும் நேரம், உள்ளே சென்றபின் சிகிச்சை தொடங்கும் வரையிலான நேரம். மருத்துவமனையில் அந்தச் சிகிச்சை இல்லையென்றால் நான்காவதாக ஒன்று சேரும். ரெஃபரல் சீட்டு எழுதி, வேறு வண்டி வரவழைத்து, அடுத்த ஊருக்கு அனுப்பும் நேரம் அது. சாலை விபத்தில் தலையில் அடிபட்டு நினைவிழந்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 10 நிமிடத்தில் போய்ச் சேரும் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் உண்டு, மூளை அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. ஒப்படைக்க 10 நிமிடம், ஸ்கேனுக்கு 30, ரெஃபரலுக்கும் வண்டிக்கும் 20, பெரிய மருத்துவமனைக்குப் பயணம் 40, அங்கே மறுபடி ஒப்படைக்க 10 என்று வைத்தால், அவர் நிபுணரின் கைக்கு வந்து சேர 120 நிமிடம் ஆகிறது. 45 நிமிடத் தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேரே சென்றிருந்தால் ஒப்படைப்பும் ஸ்கேனும் சேர்த்து 85 நிமிடம். இந்த 35 நிமிட வித்தியாசத்தை வரைபடத்தில் உள்ள புள்ளிகள் ஒருபோதும் காட்டாது.

ஆனால் இதே கணக்கு, மூச்சுப்பாதை அடைபட்டவருக்கும், கட்டுக்கடங்காமல் ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கும், வண்டியிலேயே இதயத்துடிப்பு நிற்பவருக்கும் பொருந்தாது. அவர்களுக்கு மிக அருகில், மருத்துவர் பணியில் இருக்கும் இடமே சரி. ஆகவே கணக்குக்கு முன்னால் ஒரு வாயில் வையுங்கள்: மூச்சுப்பாதை, சுவாசம், நாடி ஆகிய மூன்றில் எதையேனும் வண்டியில் கட்டுக்குள் வைக்க முடியவில்லை என்று நுட்புநர் ஒருமுறை தொட்டால், எல்லாத் தரவரிசையும் விலகி, மிக விரைவில் அடையக்கூடிய மருத்துவமனை மட்டும் திரையில் வர வேண்டும்.

நோய் வகைக்கு ஒரு விதி

எல்லா நோய்களுக்கும் ஒரே சூத்திரம் எழுத முயலாதீர்கள். நேரத்தால் உயிர் தீர்மானிக்கப்படும் சில நிலைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மாவட்டத்தின் மருத்துவர்களோடு உட்கார்ந்து விதி எழுதுங்கள். மாரடைப்பு, பக்கவாதம், விபத்துக் காயம், பிரசவச் சிக்கல், பச்சிளம் குழந்தை, பாம்புக்கடி, விஷம், தீக்காயம் ஆகிய எட்டும் போதுமான தொடக்கம். மற்றவை பொது விதியில் போகட்டும்.

மாரடைப்பில் இ.சி.ஜி.யில் எஸ்.டி. பகுதி உயர்ந்திருக்கும் வகையை மருத்துவர்கள் ஸ்டெமி என்பார்கள். இதில் அடைபட்ட ரத்தக் குழாயை ஆஞ்சியோபிளாஸ்டி மூலம் திறப்பதே முதல் தேர்வு. அதை முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து 120 நிமிடத்துக்குள் செய்ய இயலாது என்றால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகிலேயே போட்டுவிட்டு, பிறகு கேத் லேப் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கூடம்) உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. சிறு மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள மைய மருத்துவமனைகளையும் இந்த அடிப்படையில் பிணைத்துத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்தது. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. ஏற்பாட்டுக்கு முன் 17.6 விழுக்காடாக இருந்த ஓராண்டு இறப்பு, பின் 14.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. புதிய மருந்து எதுவுமின்றி, ஏற்கெனவே இருந்த மருத்துவமனைகளை ஒன்றோடொன்று இணைத்ததால் கிடைத்த பலன் இது என்பதால், இந்தச் செயலியை உருவாக்குவோர் அந்த எண்களை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

இந்த விதி களத்தில் எப்படி இயங்கும் என்பதற்கு வால்பாறையைப் பாருங்கள். அங்கிருந்து பொள்ளாச்சிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர், வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சியைத் தாண்டி இன்னும் 40 கிலோமீட்டர் போனால்தான் கோவை. இரவு 11.40 மணிக்குத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் 54 வயதுத் தொழிலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இ.சி.ஜி. ஸ்டெமியைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோவையின் கேத் லேப் 120 நிமிடத்துக்குள் எட்டாது என்பதை உணர்ந்து, ஊசி இருப்பில் உள்ளதாகவும் மருத்துவர் பணியில் இருப்பதாகவும் அன்றிரவு பதிவாகியுள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனையைச் செயலி முதலில் காட்ட வேண்டும். அதன் கீழே, “ஊசிக்குப் பின் கோவைக்கு மாற்ற வண்டி தேவை: இப்போதே கேட்கவா?” என்ற கேள்வியும் வர வேண்டும். இதே மனிதர் கோவை நகருக்குள் இருந்திருந்தால், ஊசி மட்டும் உள்ள பக்கத்து மருத்துவமனையைத் தாண்டி, கேத் லேப் இயங்கும் இடத்துக்கு நேரே போகச் சொல்ல வேண்டும். ஒரே நோய், ஒரே விதி, இரண்டு விடைகள்.

பக்கவாதத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எப்போது ஆரம்பித்தது என்பதன்று. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதே. காலையில் கை விளங்காமல் எழுந்தவருக்கு, எழுந்த நேரத்தை ஆரம்பமாகப் பதிவது பெரும் பிழை. இரவு படுக்கும்போது நன்றாக இருந்தார் என்றால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான வரம்பு நாலரை மணி நேரம். பெரிய ரத்தக் குழாய் அடைபட்டு, கட்டியைக் கருவியால் வெளியே இழுக்க வேண்டியவர்களில் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் எல்லாக் கடும் பக்கவாத நோயாளிகளையும் பெரிய மையத்துக்கே நேராக அனுப்பலாமே என்று தோன்றும். ஸ்பெயினின் கட்டலோனியாவில், நகரங்களுக்கு வெளியே உள்ள பகுதிகளில் இதைச் சோதித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், நேராகப் பெரிய மையத்துக்குப் போனவர்களுக்கும் முதலில் உள்ளூர் பக்கவாத மையத்துக்குப் போனவர்களுக்கும் 90 நாள் கழித்துக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அங்கே உள்ளூர் மையங்கள் நன்றாக இயங்குகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் மாவட்டத்தில் சி.டி. ஸ்கேன் இரவில் ஓடுமா, ஊசி போடும் முடிவை எடுக்க ஆள் இருப்பாரா என்பதைப் பொறுத்தே இந்த விதியை எழுத முடியும். அயல்நாட்டு விதியை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது.

விபத்துக் காயத்துக்கு அளவுகோல்கள் ஓரளவு தெளிவாக உள்ளன. அமெரிக்காவின் 2021ஆம் ஆண்டுக் கள வழிகாட்டி, சொன்னதைச் செய்ய இயலாத நிலை, மூச்சு நிமிடத்துக்கு 10க்குக் கீழ் அல்லது 29க்கு மேல், ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழ், மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழ் ஆகியவற்றை உயர்நிலை மையத்துக்குச் செல்ல வேண்டியதன் அறிகுறிகளாகக் கொள்கிறது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ரத்த அழுத்த வரம்பு 110. இந்த வயது வேறுபாட்டைச் செயலி தானாகவே பொருத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் முதியவரின் 105 என்ற அளவைப் பார்த்து நிம்மதியடைவது மிக எளிது.

பாம்புக்கடிக்கு விதி நேர் எதிர்த் திசையில் போகும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் தரப்படுகிறது; அது ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கக்கூடும். மருந்து முதலில், மாற்றம் பிறகு. கண் இமை சரிவது, பேச்சுக் குழறுவது போன்ற அறிகுறிகள் தென்பட்டால் மட்டும் வென்டிலேட்டர் உள்ள இடத்தின் எடை கூட வேண்டும். பிரசவச் சிக்கலுக்கு சீமாங்க் எனப்படும் அவசரகால மகப்பேறு, பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு மையங்களின் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு, அன்றைய இரவில் ரத்தமும் மயக்க மருந்து நிபுணரும் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் போதும். மற்ற நிலைகளுக்கான விதிகள் இவற்றைவிடச் சுருக்கமானவை.

மருத்துவமனைத் தரவுதான் இந்தச் செயலியின் உயிர்

விதிகளை எழுத ஒரு மாதம் போதும். மருத்துவமனைகளின் உண்மை நிலையைச் செயலிக்குள் கொண்டுவந்து, அதை நாள்தோறும் உண்மையாகவே வைத்திருப்பதில்தான் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி செலவாகும், செலவாகவும் வேண்டும்.

தகவலை மூன்று அடுக்குகளாகப் பிரியுங்கள். முதல் அடுக்கு நிலையானது: மருத்துவமனையின் பெயர், வாசல் இருக்கும் இடம், கேத் லேப், சி.டி. ஸ்கேன், ரத்த வங்கி, தீக்காயப் பிரிவு போன்ற வசதிகள். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தின் மருத்துவமனைப் பதிவேட்டில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. அதையே நீங்களும் பயன்படுத்தினால் பிற்காலத்தில் மற்ற ஏற்பாடுகளோடு இணைப்பது எளிதாகும். இரண்டாம் அடுக்கு நேர அட்டவணை சார்ந்தது: கேத் லேப் 24 மணி நேரமும் இயங்குமா, மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஞாயிற்றுக்கிழமை வருவாரா, ஸ்கேன் எடுப்பவர் இரவில் வளாகத்திலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து அழைக்க வேண்டுமா. மூன்றாம் அடுக்கு இந்த நிமிடத்துக்கானது: காலியான ஐ.சி.யூ. படுக்கை, வென்டிலேட்டர், பழுதாகி நிற்கும் ஸ்கேன் கருவி, வாசலில் ஏற்கெனவே காத்திருக்கும் வண்டிகள்.

“கேத் லேப்: உண்டு” என்ற ஒற்றைச் சொல்லால் முதல் அடுக்கை நிரப்பி அதோடு நின்றுவிடும் செயலி, நோயாளிக்கு ஆபத்தானது. நள்ளிரவில் பூட்டியிருக்கும் கேத் லேப் முன்னால் ஒரு ஸ்டெமி நோயாளியைக் கொண்டு நிறுத்துவது, பட்டியலே இல்லாமல் இருப்பதைவிட மோசம். ஆகவே ஒவ்வொரு வசதிக்கும் கருவி, ஆள், நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் உண்டு என்று கொள்ளுங்கள்.

மூன்றாம் அடுக்கை யார் நிரப்புவார்கள்? கேசுவாலிட்டியில் பணியிலிருக்கும் செவிலியரிடம் 40 கட்டங்கள் கொண்ட படிவத்தைக் கொடுத்து மணிக்கொருமுறை நிரப்பச் சொன்னால், முதல் வாரம் நிரப்புவார், இரண்டாம் வாரம் முந்தைய நாளின் எண்களே திரும்பத் திரும்ப வரும். அதில் அவருடைய குற்றம் எதுவும் இல்லை; அவருக்கு முன்னால் நோயாளிகள் இருக்கிறார்கள். மாறியதை மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் திரையில் நேற்றைய நிலை நிரம்பியே இருக்க, “ஸ்கேன் ஓடவில்லை”, “வென்டிலேட்டர் காலி இல்லை”, “மயக்க மருந்து நிபுணர் இல்லை” என்பன போன்ற ஐந்தாறு பொத்தான்கள் மட்டும் இருக்கட்டும். ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை “எல்லாம் சரி” என்று ஒரு தொடுதல் போதும். மருத்துவமனையில் படுக்கை மேலாண்மை மென்பொருள் ஏற்கெனவே இருந்தால், அதிலிருந்து நேரே இழுத்துக்கொண்டு அந்தத் தொடுதலையும் தவிர்க்கலாம்.

ஒவ்வொரு தகவலுக்கும் வயது உண்டு, அந்த வயதைத் திரையில் காட்டியே ஆக வேண்டும். “ஐ.சி.யூ. காலி: 2” என்பதைவிட “ஐ.சி.யூ. காலி: 2, 25 நிமிடம் முன்பு” என்பது நேர்மையானது. ஆறு மணி நேரத்துக்கு மேல் புதுப்பிக்கப்படாத எண்ணைச் செயலி கணக்கில் சேர்க்கக் கூடாது. சாம்பல் நிறத்தில் “தெரியவில்லை, தொலைபேசியில் கேளுங்கள்” என்று காட்டி, டியூட்டி டாக்டரின் எண்ணை ஒரே தொடுதலில் அழைக்கும்படி வைக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. செயலி நன்றாக வேலை செய்யத் தொடங்கினால் எல்லா வண்டிகளும் ஒரே மருத்துவமனையை நோக்கிப் போகும். மாவட்டத் தலைநகர மருத்துவமனையின் வாசலில் ஐந்து ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நிற்க, 15 நிமிடத் தொலைவில் தகுதியுள்ள இன்னொன்று காலியாக இருக்கக்கூடும். வழியில் வந்துகொண்டிருக்கும் வண்டிகளின் எண்ணிக்கையையும் ஒப்படைப்பு நேரத்தில் சேர்த்துக் கணக்கிட்டால் சுமை தானாகவே பிரியும். ஒரு பேருந்து விபத்தின்போது இது எவ்வளவு முக்கியமாகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பயண நேரமும் சிக்னல் இல்லாத சாலையும்

நேர்கோட்டுத் தூரத்தை எங்கும் பயன்படுத்தாதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும் வண்டிக்கு, வரைபடத்தில் கைக்கெட்டும் தூரம் என்பது பொருளற்றது. வாகன நேரத்தைக் கணிக்கும் பொது வரைபடச் சேவைகள் கார்களுக்கானவை. உங்கள் ஆம்புலன்ஸ்களின் பழைய ஜி.பி.எஸ். பதிவுகளே சிறந்த ஆதாரம். அவற்றிலிருந்து சாலைத் துண்டு வாரியாக, பகல், இரவு, மழைக்காலம் எனப் பிரித்து நேரம் கணக்கிடுங்கள். சராசரியைக் காட்டாமல், பத்தில் எட்டுப் பயணங்கள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தனவோ அந்த எண்ணைக் காட்டுவது பாதுகாப்பானது. ரயில்வே கேட், வாராந்திரச் சந்தை, திருவிழா ஊர்வலம் போன்றவற்றை ஓட்டுநரே குறிக்க வழி வையுங்கள். அவரைவிட நன்றாக அறிந்த தரவுத்தளம் கிடையாது.

மாவட்ட, மாநில எல்லைகளில் கவனம் தேவை. ஓசூரில் விபத்து நடந்தால் பெங்களூரும், விழுப்புரத்தின் கிழக்குப் பகுதியில் நடந்தால் புதுச்சேரி ஜிப்மரும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நடந்தால் திருவனந்தபுரமும் கணக்கில் வர வேண்டியவை. நிர்வாக எல்லையோடு தரவு நின்றுவிட்டால் அங்குள்ள நோயாளிகள் வீணாகத் தொலைதூரம் போவார்கள்.

மலைச்சாலையிலும் காட்டோரக் கிராமத்திலும் இணையம் இருக்காது. ஆகவே விதிகள், மருத்துவமனைகளின் முதல் இரண்டு அடுக்குத் தரவு, கணக்கிட்டு வைத்த பயண நேர அட்டவணை ஆகிய மூன்றும் கருவியிலேயே இருக்க வேண்டும். இணையம் கிடைக்கும்போது மூன்றாம் அடுக்கு வந்து சேரட்டும். கிடைக்காதபோது, கடைசியாகத் தெரிந்த நிலையை அதன் வயதோடு காட்டட்டும். மருத்துவமனைக்கு அனுப்பும் முன்னறிவிப்புச் செய்தி இணையத்தில் போகவில்லை என்றால் எஸ்.எம்.எஸ். வழியாகப் போக வேண்டும்.

ஓடும் வண்டியில் ஒரு கையால் பயன்படுத்தும் திரை

நுட்புநரின் ஒரு கை நோயாளியின் மேல் இருக்கும். மறு கையில் கையுறை, அதில் ரத்தமோ தண்ணீரோ இருக்கலாம். வண்டி குலுங்கும். இந்த நிலையில் எழுத்துத் தட்டச்சை எதிர்பார்க்கும் எந்த வடிவமும் தோற்கும். ஆண்ட்ராய்டு நெறிகள் பொத்தானுக்குக் குறைந்தது 48 திரை அலகு (dp) கேட்கின்றன. இங்கே அதைப்போல் ஒன்றரை மடங்காவது வையுங்கள். மூன்று தொடுதலுக்குள் முதல் விடை வர வேண்டும்: நோய் வகை, வயதுப் பிரிவு, கட்டுக்குள் இருக்கிறாரா இல்லையா. அதற்குமேல் தரும் ஒவ்வொரு தகவலும் விடையைத் துல்லியமாக்கலாமே தவிர, விடைக்குத் தடையாக நிற்கக் கூடாது.

விடைத் திரையில் இரண்டு அல்லது மூன்று மருத்துவமனைகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றின் அடியிலும் காரணம் ஒரே வரியில், நுட்புநர் அன்றாடம் பேசும் சொற்களில் இருக்கட்டும்: “35 நிமிடம். கேத் லேப் இயங்குகிறது (10 நிமிடம் முன்பு உறுதி).” அருகில் உள்ள மருத்துவமனை பட்டியலில் ஏன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்: “12 நிமிடம். ஸ்கேன் பழுது.” காரணம் தெரியாத பரிந்துரையைக் களத்தில் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. இறுதி முடிவு நுட்புநருடையதும், அவருக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டு அறை மருத்துவருடையதும் ஆகும். பரிந்துரையை மீறித் தேர்வு செய்ய ஒரே தொடுதல் போதும்; காரணம் கேட்பதை வண்டி திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளிகளை அவசரத்தின் அளவுக்கேற்ப வகைப்படுத்தும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற டிரையாஜ் நிறங்கள் மருத்துவமனைகளில் பழக்கமானவை. ஆயினும் நிறத்தை மட்டும் நம்பாமல் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஊழியர்களிலும் இருப்பார்கள்.

மருத்துவமனை வாசலில் தெரிய வேண்டியது

இடம் தேர்வானதும் முன்னறிவிப்பு தானாகவே போக வேண்டும்: நோய் வகை, வயது, பாலினம், நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, கொடுத்த முதலுதவி, வந்து சேரும் நேரம், இ.சி.ஜி. இருந்தால் அதன் படம். தமிழ்நாட்டின் விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்முயற்சியான டே திட்டத்தின் கீழ் முன்னறிவிப்பு நடைமுறை ஏற்கெனவே இருப்பதால், புதிதாக ஒன்றைத் திணிக்காமல் அதனோடு இணையுங்கள். நோயாளியின் பெயரும் ஆதாரும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 நடைமுறைக்கு வரும் சூழலில், தேவையற்ற தகவலைச் சேகரிக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

மருத்துவமனையின் திரையில் “மறுக்கிறோம்” என்ற பொத்தான் இருக்கக் கூடாது. உயிரைக் காப்பாற்றும் கடமை எல்லா மருத்துவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. அதற்குப் பதிலாக “பெற்றுக்கொண்டோம்” என்றும் “இந்த வசதி இப்போது இல்லை” என்றும் இரண்டு மட்டும் வையுங்கள். இரண்டாவதைத் தொட்டால் எந்த வசதி என்று கேட்டு, அந்தத் தகவலை உடனே மூன்றாம் அடுக்கில் பதிய வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் வண்டி காத்திருக்கக் கூடாது; கட்டுப்பாட்டு அறை தொலைபேசியில் பேசட்டும், வண்டி போய்க்கொண்டே இருக்கட்டும்.

உறவினர்களும் பணமும்

சம்பவ இடத்தில் நுட்புநரோடு வாதிடுவது பெரும்பாலும் நோயாளியின் உறவினர்களே. “எங்களுக்குத் தெரிந்த டாக்டர் அங்கே இருக்கிறார்”, “ஜி.எச். வேண்டாம்”, “தனியாருக்குப் போக எங்களிடம் பணம் இல்லை” என்ற மூன்றும் நியாயமான அச்சங்களிலிருந்து வருபவை. அவர்களிடம் காட்டுவதற்கென்றே பெரிய எழுத்தில் ஒரு திரை வையுங்கள்: எந்த மருத்துவமனை, ஏன், எவ்வளவு நேரம், கட்டணம் உண்டா. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை வரம்புக்கு உட்பட்டு இலவசமாக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனை எது என்பதும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளது எது என்பதும் அந்தத் திரையில் இருந்தால் பாதி வாதம் அங்கேயே முடியும். சுயநினைவுள்ள நோயாளி வேறிடம்தான் வேண்டும் என்றால் அது அவருடைய உரிமை. செயலி அதைப் பதிந்துகொண்டு, புதிய இடத்துக்கு முன்னறிவிப்பு அனுப்பட்டும்.

தரவரிசையை யாரும் விலைக்கு வாங்க முடியாதபடி அமைப்பது உங்கள் பொறுப்பு. விளம்பரம், கட்டணம் செலுத்தி முன்னிலை பெறும் வசதி, மருத்துவமனை தன் வசதிகளைத் தானே கூட்டி எழுதிக்கொள்ளும் உரிமை ஆகிய எதுவும் இருக்கக் கூடாது. முதல் இரண்டு அடுக்குகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சுகாதாரத் துறையின் ஓர் அலுவலர் நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே ஏற்றுங்கள். ஒரு குறிப்பிட்ட வண்டியின் நோயாளிகள் பரிந்துரையைத் தொடர்ந்து மீறி ஒரே தனியார் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்றால் அது அறிக்கையில் தெரிய வேண்டும்.

சோதனையும் அளவீடும்

முதலில் காகிதத்தில் சோதியுங்கள். கடந்த ஆண்டின் ஆம்புலன்ஸ் பதிவுகளைப் பெயர் நீக்கி எடுத்து, செயலி என்ன சொல்லியிருக்கும் என்று ஓட்டிப் பாருங்கள். வேறுபட்ட ஒவ்வொன்றையும் அனுபவமுள்ள அவசர மருத்துவர்கள் இருவர் தனித்தனியாக மதிப்பிடட்டும். அடுத்து, செயலி பின்னணியில் ஓடி விடையைப் பதிய, நுட்புநர் அதைப் பார்க்காமல் வழக்கம்போல் முடிவெடுக்கும் காலம் ஒன்று வேண்டும். அதன் பிறகே திரையைத் திறந்துவிடுங்கள், அதுவும் ஒரு மாவட்டத்தில், மாரடைப்பு, விபத்து என்ற இரண்டு வகைகளுக்கு மட்டும். மருத்துவ முடிவுக்கு உதவும் மென்பொருளும் இந்தியாவில் மருத்துவக் கருவிக்கான விதிகளின் வரையறைக்குள் வருவதால், பதிவு தேவையா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பது அளவீடு ஆகாது. உயர்நிலை மையத்துக்குப் போக வேண்டியவர் சிறிய இடத்துக்குப் போன தவறும், போகத் தேவையில்லாதவர் பெரிய இடத்தை நிரப்பிய தவறும் தனித்தனியாக எண்ணப்பட வேண்டும். விபத்துச் சிகிச்சை நெறிகளில் முன்னது 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், பின்னது 25 முதல் 35 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளத்தக்கது என்றும் கொள்வார்கள். இரண்டு தவறுகளுக்கும் ஒரே எடை இல்லை என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. இவற்றோடு, 108க்கு அழைப்பு வந்த நிமிடத்திலிருந்து சிகிச்சை தொடங்கிய நிமிடம் வரையிலான நேரத்தையும், இரண்டாம் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர்களின் விழுக்காட்டையும் மாதந்தோறும் பாருங்கள்.

அந்த நேரத்தை அறிய மருத்துவமனையிலிருந்து தகவல் திரும்பி வர வேண்டும். அதற்கான கட்டத்தை முதல் பதிப்பிலேயே வையுங்கள். ஊசி போட்ட நேரம், அறுவை சிகிச்சை தொடங்கிய நேரம், 24 மணி நேரம் கழித்து நோயாளியின் நிலை ஆகிய மூன்றும் போதும். அதே தகவலை, அந்த நோயாளியைக் கொண்டுவந்த நுட்புநரின் கருவிக்கும் அனுப்புங்கள். இன்று அவர்களுள் பெரும்பாலோருக்குத் தாங்கள் இறக்கிவிட்டு வந்தவர் என்ன ஆனார் என்று சொல்பவர்கள் யாரும் இல்லை; அடுத்த முறை எந்த மருத்துவமனை என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்களே என்பதால், இந்தக் கட்டத்தைப் பின்னொரு பதிப்புக்குத் தள்ளிவைக்க எந்த நியாயமும் இல்லை.